ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்: திருப்பூரில் பணம் அனுப்பும் ஒரு கடை

திருப்பூர் பெருமாநல்லூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பனியன் கம்பெனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே, ஒற்றை ஷட்டர் அகலத்தில் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் கடையின் பெயர் சிறிய எழுத்திலும் 'இங்கே பணம் அனுப்பலாம்' என்பது பெரிய எழுத்திலும் இருக்கும். முதலில் இந்தி, அடுத்து வங்காளம், அதற்கடுத்து ஒடியா, கடைசியில் இடம் மிஞ்சியதால் தமிழ். ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எல்லாம் உண்டு. ஜெராக்ஸ் மங்கலாகத்தான் வரும். புகைப்படத்தில் எல்லோரும் போலீஸ் தேடும் ஆள் போலத் தெரிவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன், நான் எழுத வந்தது பணம் அனுப்பும் சேவையைப் பற்றி. அதற்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதிதான் கடையின் தவறு. மீதிப் பாதி யாருடையது என்பதையும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று தெரிய வேண்டுமல்லவா. இருபது மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது வேலை. ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். துணி மடிக்கும் கைமடியிலும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கிலும் அதே கதைதான். இந்த ஊரில் வாரக் கூலிதான் வழக்கம். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுவோம். புதிதாக வந்த பையன் முதல் வாரக் கூலியை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதை வீட்டுக்கு எப்படி அனுப்புவது? அவனைக் கூட்டிக்கொண்டு நான் போகிற இடம் இது.

கடையை நடத்துபவர் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். பல வருடம் ஓவர்லாக் டெய்லர். பக்கத்து மிஷின்காரர்களிடம் பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டார். அந்த இந்தியைக் கேட்டால் இந்தி வாத்தியார்கள் வேலையை விட்டுவிடுவார்கள். ஆனால் வங்கிக் கிளையைக் காட்டும் பதினொரு இலக்க ஐஎஃப்எஸ்சி எண்ணை ஒரு எழுத்துப் பிசகாமல் வாங்கிவிடுகிறார். பையன்கள் அவரை 'தீதி', அதாவது அக்கா, என்கிறார்கள். என்னை அவர் 'அண்ணா' என்பார், நான் 'அம்மணி' என்பேன். கல்லாவில் அவர் இல்லாமல் அவருடைய தம்பி இருந்தால், என் யோசனை: டீ குடித்துவிட்டு வாருங்கள். தம்பி நல்லவர்தான், ஆனால் எண்களை ஒருமுறைதான் வாசிப்பார்.

அம்மணி மூன்று முறை வாசிப்பார். இந்தக் கடையின் பெருமை அதில்தான் இருக்கிறது. கணக்கு எண்ணை வாடிக்கையாளர் சொல்ல, அவர் தாளில் எழுதி, திருப்பி வாசித்து, கணினியில் அடித்து, திரையைப் பார்த்து மறுபடி வாசிப்பார். புதிய கணக்கு என்றால் முதலில் ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. வங்கியில் பதிந்திருக்கும் பெயர் திரையில் வந்துவிடும். அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, "உன் அம்மாவா?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, ஆமாம் என்று வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மீதிப் பணம் போகும். போனதும் சிறிய ரசீது ஒன்று வரும். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போன் போடு" என்பார். வீட்டில் எடுத்து, குறுஞ்செய்தி வந்துவிட்டது என்று சொல்லும் வரை அடுத்த ஆளைக் கூப்பிடுவதில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அவர்கள் முறை வரும்போது அந்த எரிச்சல் காணாமல் போய்விடுகிறது.

கட்டணம் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். குறைந்தபட்சமும் பத்துதான். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆயிரத்துக்கு இருபது வாங்குகிறார், ரசீதும் தருவதில்லை. கேட்டால் சர்வர் மேல் பழி. இங்கே அந்தப் பத்து ரூபாய் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு வங்கிக்கு, ஒரு பங்கு செயலி நடத்தும் கம்பெனிக்கு. மிஞ்சுவதில் வாடகையும் இரண்டு கணினியின் கரண்ட் பில்லும் போக என்ன நிற்கும் என்று கேட்டேன். "ரீசார்ஜ் இல்லாவிட்டால் நான் திரும்ப ஓவர்லாக்குக்குத்தான் போக வேண்டும், அண்ணா" என்றார்.

விதிகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நேரம் மிச்சமாகும். வங்கிக் கணக்கு இல்லாதவர் கவுண்டரில் ரொக்கம் கட்டி இன்னொருவர் கணக்குக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி 2011இல் வழி திறந்தது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடுதான் அது. ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 25,000 ரூபாய் என்று உச்சவரம்பு. அதனால் 12,000 அனுப்ப வேண்டுமானால் மூன்று துண்டாகத்தான் போகும். 2024 நவம்பரிலிருந்து இன்னும் இறுக்கம்: அனுப்புகிறவர் கைபேசி எண்ணைச் சரிபார்த்து, அடையாள ஆவணம் கொடுத்துப் பதிய வேண்டும்; ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு நடக்க வேண்டும். அதாவது மூன்று துண்டுக்கு மூன்று ஓடிபி. மோசடியைத் தடுக்க வந்த விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கி, புதிதாக வந்த இரண்டு பேர் மூன்றாமவனின் கைபேசியை நம்பி இருக்கும்போது, அந்த மூன்றாமவன் இரவு ஷிப்டில் இருந்தால் ஓடிபி அவன் சட்டைப்பையில்தான் ஒலிக்கும். இதனாலேயே புதியவர்களுக்கு முதலில் சிம் வாங்கச் சொல்கிறார் அம்மணி. பணம் அதற்குப் பிறகு.

இந்த ஒரு சதவீதத்தை நான் ஏன் நியாயம் என்கிறேன் என்பதற்கு என் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். தொண்ணூறுகளின் நடுவில் செக்கிங் வேலைக்குத் திருப்பூர் வந்தேன். எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்தால் விவசாயம், நிறையாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். அந்த நாளில் திருப்பூருக்கு ஆள் வந்ததெல்லாம் ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்துதான். வீட்டுக்குப் பணம் அனுப்ப எங்களுக்கு இருந்தது மணியார்டர், 1880 முதல் இந்த நாட்டில் ஓடிய ஏற்பாடு. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன். ஆயிரம் அனுப்பினால் ஐம்பது போய்விடும். ஒரே மாநிலத்துக்குள், ஒரே மொழிக்குள், பஸ்ஸில் ஒரு ராத்திரி தூரத்துக்கு ஐந்து சதவீதம். பீகாரின் கட்டிஹாருக்கு அனுப்புகிற பையன் இன்று ஒரு சதவீதம் கொடுக்கிறான், அதுவும் நொடியில் போய்ச் சேர்கிறது.

ஆனால் மணியார்டரில் ஒன்று இருந்தது. பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். 'அரிசி வாங்கவும், மாமாவுக்கு 200 கொடுக்கவும்' என்று எழுதினால் தபால்காரர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பார். கடைசி நோட்டு அவருக்குப் போவது வேறு விஷயம். பணம் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் கைநாட்டு வைத்த சீட்டு எனக்குத் திரும்பி வரும். இன்றைய சேவையில் எல்லாரும் மதிப்பெண் போடுவது பணம் இங்கிருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதற்கு. எனக்கு வேண்டியது மறுமுனையில் ஒரு பெண்மணி கையில் நோட்டு வந்ததா என்பது.

அங்கேதான் அந்த மீதி அரை மதிப்பெண் போகிறது. பணம் கணக்குக்குப் போய்விட்டது, சரி. கிராமத்தில் வங்கிக் கிளை தூரம். அருகில் இருப்பது வங்கி முகவர் நடத்தும் ஒரு சேவை மையம். ஆதாரை வைத்து விரல்ரேகை கொடுத்துப் பணம் எடுக்க வேண்டும். செங்கல் சூளையிலும் வயலிலும் தேய்ந்த விரலை இயந்திரம் படிக்காமல் திருப்பி அனுப்பும். படித்தாலும், ரேகை வைத்த கையோடு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அங்கேயும் ஒருவர் எடுத்துக்கொள்வதாக என்னிடம் வேலை செய்யும் பையன்கள் சொல்கிறார்கள். அதை எழுதி ஒட்டுவதில்லை. ஆக இந்த முனையில் பத்து, அந்த முனையில் ஒரு பத்தோ இருபதோ. யாரிடம் பணம் குறைவோ அவர்கள்தான் இரண்டு முனையிலும் கட்டணம் கட்டுகிறார்கள். எனக்குத் துணி தரும் கம்பெனி முதலாளி லட்சக்கணக்கில் அனுப்பும்போது ஒரு பைசா கொடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல், இதைக் கண்டுபிடித்தது அம்மணிதான். முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' என்று ஒரு வகை உண்டு. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; ஒரு வருடத்தில் உள்ளே வரும் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது; மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. வாரம் மூவாயிரம், நாலாயிரம் என்று ஒழுங்காக அனுப்பும் ஒருவன் ஆறேழு மாதத்திலேயே அந்த ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுவான். பிறகு பணம் உள்ளே போகாது, ஏன் என்று அந்தப் பக்கம் யாரும் விளக்கவும் மாட்டார்கள். என் டேபிளில் இருந்த ஒருவனுக்கு இப்படித்தான் ஒரு வங்கியில் (பெயர் வேண்டாம்) தங்கையின் கல்யாண நேரத்தில் அடைத்துக்கொண்டது. அவன் குடும்பம் வட்டிக்கு வாங்கியது, இங்கே அவனிடம் பணம் இருக்கும்போதே. அதற்குப் பிறகு அம்மணி புதிய கணக்கு எண் எழுதும்போதே, பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்க்கிறார். சிறு கணக்கு என்றால், அம்மாவை ஆதாரோடு வங்கிக்கு அனுப்பி முழுக் கணக்காக மாற்றச் சொல்கிறார். இதற்குக் காசு வாங்குவதில்லை. எந்தச் செயலியும் இதைச் செய்து நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை இரவு அந்த வரிசையில் நின்று, கல்லா மேல் கிடக்கும் தாள்களைப் பார்த்தால் போதும், நாட்டின் வருமான வரைபடம் தெரிந்துவிடும். பீகாரின் பூர்ணியா, கட்டிஹார், அராரியா. ஜார்க்கண்டின் தும்கா, கோடா, பாகுர். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா, கோராபுட். மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்பும் தாள் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. பணம் ஒரே திசையில்தான் போகிறது, ஆட்கள் எதிர்த் திசையில் வருகிறார்கள்.

ஏன் என்பதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் தலா வருமானம் பீகாரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25இல் ஒரு நாள் கூலி பீகாரில் 245 ரூபாயாக இருந்தது, அதுவும் வேலை கிடைத்தால், கிடைத்தாலும் அப்போது குடும்பத்துக்கு வருடம் நூறு நாள்தான். என்னிடம் கைமடிக்கே ஒரு ஷிப்டுக்கு நானூறை ஒட்டி வருகிறது, டெய்லருக்கு அறுநூறை ஒட்டி. சீசனில் ஒன்றரை ஷிப்ட். அவன் இங்கே சேர்த்து அனுப்பும் நாலாயிரம், அங்கே இறங்கும்போது வேறு கனத்தில் இறங்குகிறது. அந்தக் கனத்துக்காகத்தான் பொதுப்பெட்டியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வருகிறான்.

ஜார்க்கண்டில் தன்பாத் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் ஊரில் தரைக்குக் கீழே முழுக்க நிலக்கரி. பிறகு ஏன் இங்கே பனியன் மடிக்கிறான் என்று டேபிளில் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். கிண்டலாகக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. நிலக்கரியையும் இரும்பையும் நாட்டின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் ஒரே விலை விழும்படி, ஐம்பதுகளிலிருந்து 1993 வரை மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமன்செய்து வைத்திருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை கட்டினால் கிடைத்திருக்க வேண்டிய லாபம் அதில் இல்லாமல் போனது. தொழில் துறைமுகங்களின் பக்கம் வளர்ந்தது. நிலக்கரி கிளம்பிய இடம் நிலக்கரி அனுப்பும் இடமாகவே நின்றது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். நிலம், பள்ளிக்கூடம், ஆட்சி என்று நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரனிடம் கிண்டல் செய்யும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்திலிருந்து இப்போது ஏன் ஆள் வருவதில்லை என்பதும் இதே கதையின் மறுபக்கம்தான். முதுகுளத்தூரில் பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வளைகுடாவுக்கு விசா பார்க்கிறான். பெண் நர்சிங் படிக்கிறாள். குழந்தைகளும் குறைந்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, பீகாரில் 3.0. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அவ்வளவு மிஷினுக்கும் இங்கே பிறந்த கைகள் போதாது. 'அவர்கள் வந்து நம் வேலையைப் பிடுங்குகிறார்கள்' என்று பேசுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மகனை நாளைக்கு கைமடிக்கு அனுப்புகிறீர்களா, என்னிடம் இடம் இருக்கிறது. இதுவரை யாரும் அனுப்பவில்லை.

கூலி வித்தியாசம் என்னையும் விடுவதில்லை. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரப்படி கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய் சொச்சம், தமிழ்நாட்டில் 500, கேரளத்தில் 852. நான் தையல் பழக்கிய பையன்கள் சிலர், கைக்கு வேலை வந்ததும் கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றுவிட்டு அந்தப் பக்கம்தானே போகிறது. இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் முதுகுளத்தூரிலேயே இருந்திருக்கலாமே என்று என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் அவர்களைக் கேட்பதில்லை.

2020 ஊரடங்கைப் பற்றி அம்மணி சொன்னதையும் எழுத வேண்டும். கம்பெனிகள் மூடின, கூலி நின்றது. வங்கிச் சேவை அத்தியாவசியம் என்பதால் இவர் கடையைப் பாதி திறந்து வைத்திருக்கிறார். அப்போது பணம் தலைகீழாக ஓடியிருக்கிறது. பூர்ணியாவிலும் பலாங்கிரிலும் ஆட்டையும் தானியத்தையும் விற்று, இங்கே சிக்கியிருந்த மகன் கணக்குக்குப் பணம் போட்டிருக்கிறார்கள்; பையன்கள் விரல்ரேகை வைத்து எடுத்து அரிசி வாங்கியிருக்கிறார்கள். ஏழை ஊர் பணக்கார ஊருக்குப் பணம் அனுப்பிய அந்த வாரங்களில் அவர் கட்டணம் வாங்கவில்லை என்பதைப் பையன்கள்தான் என்னிடம் சொன்னார்கள், அவராகச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போன சமயத்திலும், கடையில் பணம் அனுப்பியவர்களைவிட ஊருக்குப் போன் பேசியவர்கள்தான் அதிகம். ஸ்பீக்கரில் போட்டு, தானே அந்தத் தாய்மார்களிடம் பேசியிருக்கிறார், அதே வாத்தியார் பயப்படும் இந்தியில்.

இவ்வளவும் எழுதிய பிறகு, கைபேசியில் காசில்லாமல் அனுப்ப யூபிஐ இருக்கிறதே என்று கேட்பவர்கள் வருவார்கள். நியாயமான கேள்வி. வந்து ஒரு வருடம் ஆனவன், இங்கே வங்கிக் கணக்கும் தன் பெயரில் சிம்மும் இருப்பவன், இந்தக் கடைக்கு வரவே வேண்டாம். அம்மணியும் அதைத்தான் சொல்கிறார். தன் வாடிக்கையாளருக்குத் தானே செயலி பழக்கிவிட்டு அனுப்பும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் கூலி ரொக்கமாகத்தான் கைக்கு வருகிறது. அந்த ரொக்கத்தை முதலில் கணக்கில் போட வங்கிக்குப் போக வேண்டும். வங்கி திறந்திருக்கும் நேரம் முழுக்க அவன் மிஷினில் இருக்கிறான். போனால் அரை ஷிப்ட் போச்சு. அரை ஷிப்டின் மதிப்பு இருநூறு, முந்நூறு. நாலாயிரத்துக்குக் கட்டணம் நாற்பது. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறான். கூலியை நேராக வங்கிக் கணக்கில் போடும்படி என்னைப் போன்றவர்கள் மாறினால் இந்தக் கடையின் பாதி வேலை போய்விடும். நான் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் கணக்கில் போடச் சொன்னார்கள், மீதிப் பாதி ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை மளிகைக் கடனும் அறை வாடகையும் ரொக்கத்தில்தான் கேட்கப்படுகின்றன.

இனி கடையின் குறைகள், அதன் சொந்தக் கணக்கில் சேரும் அரை மதிப்பெண். முதலாவது, உரக்க வாசிக்கும் அந்தப் பழக்கம். எண் சரியாக இருக்க அது உதவுகிறது, ஆனால் யார் எவ்வளவு அனுப்பினான் என்பது தெருவுக்கே தெரிகிறது. குறைவாக அனுப்பியவன் முகம் சுண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அறையில் அன்று இரவு பேச்சும் அதுவாகத்தான் இருக்கும். தொகையைத் தாளில் காட்டிக் கேட்டால் போதும் என்று சொன்னேன், சரி என்றார், மறுவாரமும் உரக்கத்தான் வாசித்தார். இரண்டாவது, பெண்கள். ஒடிசாவிலிருந்து பயிற்சி முடித்துவந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்குச் சனிக்கிழமை இரவு வெளியே வர முடியாது. ஞாயிறு காலையில் கும்பலாக வருகிறார்கள், காதர்பேட்டையில் துணி வாங்கப் போகும் வழியில். அந்த நேரத்தில் கடையில் இருப்பது பெரும்பாலும் தம்பி. வார்டன் கொடுத்த நேரம் முடிந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அவர்கள் எண்ணைச் சரிபார்க்காமல் போகிறார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அம்மணி உட்கார்ந்தால் கடைக்கும் நல்லது. மூன்றாவது, உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. பத்து மணி நேரம் நின்று இஸ்திரி போட்டவன் இங்கேயும் ஒரு மணி நேரம் நிற்கிறான்.

பணம் இடையில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். இங்கே கழிந்துவிட்டது, அங்கே ஏறவில்லை. பெரும்பாலும் சில நாளில் தானாகத் திரும்பி வந்துவிடும். அந்தச் சில நாளைத் தாங்க முடியாதவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அம்மணி புகாரைப் பதிந்து, புகார் எண்ணை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுக்கிறார். அவசரம் என்றால் தன் கைப்பணத்தில் பாதியை அனுப்பி வைத்து, பணம் திரும்பியதும் எடுத்துக்கொள்கிறார். எல்லோருக்கும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. யாருக்குச் செய்கிறார் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது; அது எனக்குப் பிடிபடவில்லை.

முதல்முறை போகிறவர்கள் ஆதார் நகல், கைபேசி, வீட்டாரின் பாஸ்புத்தக முதல் பக்கத்தின் படம் மூன்றையும் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். திங்கள் மாலை காற்று வாங்கும். தீபாவளி போனஸ் வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு ஆறாம் நாள் அவர்கள் ஊர்ப் பெரிய பண்டிகையான சத் பூஜை, பீகார்க்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அனுப்புவார்கள், சர்வர் திணறும். அந்த மாதம் ஏற்கெனவே வாராவாரம் அனுப்பியிருந்தால் 25,000 வரம்பில் இடம் மிச்சம் இருக்காது, போனஸ் கையிலேயே நின்றுவிடும். எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று முன்கூட்டியே அம்மணியிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். ரொக்கமாக ரயிலில் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் அந்த வாரத்துப் பொதுப்பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.